ஜோர்டான் ரோடு ட்ரிப்: ஜெராஷ்ல இருந்து பெட்ரா வழியா வாடி ரம் வரைக்கும் முழு வழிகாட்டி

ஜோர்டான் சின்ன நாடு. வடக்குல இருந்து தெற்குக் கடைசி வரைக்கும் கார்ல ஒரே நாள்ல ஓட்டிடலாம், அதனாலயே நிறைய பேர் நாலு நாள்ல பாறைல குடைஞ்ச பழைய நகரம் பெட்ரா, வாடி ரம் பாலைவனம், சாக்கடல் மூணையும் முடிச்சுட்டு ஃப்ளைட் ஏறிடறாங்க. முடியாதுன்னு சொல்லல, ஆனா அப்படிப் போனா பாதி நேரம் டெசர்ட் ஹைவேல லாரிக்குப் பின்னாடியே போயிடும். எட்டு ஒன்பது நாள் எடுத்து, நீங்களே கார் ஓட்டி, பழைய கிங்ஸ் ஹைவேல மெதுவா தெற்க இறங்குங்க, அதுதான் என் கருத்து, இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலதான் போகும்.

இன்னொண்ணு சொல்லிடறேன். அங்க ஒவ்வொரு இடிபாட்டு முன்னாடி நிக்கும்போதும் "இந்த ஊருக்கு தண்ணி எங்கருந்து வந்துச்சு"ன்னு ஒரு கேள்விய மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. உலகத்துலயே தண்ணி ரொம்ப குறைவா இருக்கற நாடுகள்ல ஜோர்டானும் ஒண்ணு, அங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நகரம் கட்டினவங்க எல்லாருமே முதல்ல தண்ணிக்குத்தான் வழி பண்ணிருக்காங்க. தூணையும் முகப்பையும் மட்டும் பார்த்துட்டு வந்தா மூணாவது இடத்துலயே எல்லாம் ஒண்ணுபோல தெரிய ஆரம்பிச்சுடும். தண்ணிய பின்தொடர்ந்து போனா அந்த அலுப்பே வராது.

எப்போ போகலாம்

மார்ச் முதல் மே, இல்லனா செப்டம்பர் கடைசி முதல் நவம்பர். ஏப்ரல்ல வடக்குப் பக்கம் மலையெல்லாம் பச்சையா இருக்கும், ஜெராஷ் ரோமானிய இடிபாட்டுக் கல்லுங்களுக்கு நடுவுல காட்டுப்பூ பூத்துக் கிடக்கும். ஜூலை ஆகஸ்ட்ல வாடி ரம், அகாபா பக்கம் 40 டிகிரி சாதாரணமா போகும், குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா வேண்டாம். டிசம்பர் ஜனவரில கூட்டம் கம்மி, ஆனா பெட்ரால பனி விழ வாய்ப்பிருக்கு, வாடி ரம்ல ராத்திரி உறைநிலைக்குக் கீழ போகும், மழை வந்தா பள்ளத்தாக்குகள்ல திடீர் வெள்ளம் வரும். ரமலான் மாசத்துல போறீங்கன்னா பகல்ல நிறைய சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும், சில இடங்கள் சீக்கிரம் சாத்திடுவாங்க, ஆனா சாயங்காலம் நோன்பு திறக்கற நேரத்துல தலைநகர் அம்மான் தெருவுல இருக்கறது தனி சந்தோஷம். அங்க வார லீவு வெள்ளியும் சனியும்.

போற தேதிக்குக் கொஞ்சம் முன்னாடி அந்தப் பகுதியோட நிலவரத்தையும் வெளியுறவுத் துறை அறிவிப்பையும் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க, சுத்தி இருக்கற நாடுகள்ல பிரச்சினைன்னா சில சமயம் வான்வழிய மூடிடறாங்க.

ஜோர்டான் பாஸ், லைசென்ஸ், பணம்

ஜோர்டான் பாஸ்னு ஒண்ணு ஆன்லைன்ல விக்குறாங்க, இத வாங்காம போகவே போகாதீங்க. பெட்ரால ஒரு நாள் சேர்ந்த பாஸ் 70 தினார், ரெண்டு நாள்னா 75, மூணு நாள்னா 80. பெட்ரா ஒரு நாள் டிக்கெட்டே தனியா 50 தினார், விசா கட்டணம் 40 தினார், கூட்டிப் பாருங்க. நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே வாங்கி, குறைஞ்சது மூணு ராத்திரி தங்கினா விசா கட்டணம் தள்ளுபடி ஆயிடும். ஜெராஷ், அம்மான் சிட்டாடல், கெராக், வாடி ரம் நுழைவுன்னு நாப்பது சொச்சம் இடம் இதுக்குள்ளயே வந்துடும். நெபோ மலையும் மதாபா சர்ச்சும் வராது, அதுக்கு சின்னத் தொகை தனியா கட்டணும். என் ஆலோசனை ரெண்டு நாள் பாஸ், அஞ்சு தினார்தான் வித்தியாசம், பெட்ராவ ஒரு நாள்ல பார்த்தா கால் வலி மட்டும்தான் மிஞ்சும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா விதி எப்படி இருக்குன்னு கிளம்பும்போது ஒரு தடவ தூதரக சைட்ல பார்த்துக்கோங்க.

லைசென்ஸ் விஷயத்துல, ஆர்டிஓல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துட்டுப் போங்க, ஒரு வருஷத்துக்கு செல்லும், நம்ம ஒரிஜினல் லைசென்சும் கூடவே இருக்கணும். கார் கம்பெனிக்காரங்க டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டுதான் கேப்பாங்க, டெபிட் கார்ட வெச்சு கவுன்டர்ல வாதாடிட்டு நிக்காதீங்க.

ஜோர்டான் தினார் 1995ல இருந்து டாலரோட கட்டப்பட்டிருக்கு, ஒரு டாலருக்கு 0.709 தினார். அதாவது ஒரு தினார் ஒரு டாலர விட பெரிசு. பத்து தினார்தானேன்னு நினைச்சு செலவு பண்ணா சாயங்காலம் கணக்கு பார்க்கும்போது தூக்கிப் போடும், அதனால ரூபாய்ல மாத்தி மனசுல வெச்சுட்டே இருங்க. கிராமப் பக்கம் கார்டு செல்லாது, சில்லறை தினார் எப்பவும் கைல இருக்கட்டும்.

ட்ரோன் எடுத்துட்டுப் போகாதீங்க, முன்கூட்டியே அனுமதி இல்லனா ஏர்போர்ட்லயே பிடுங்கி வெச்சுப்பாங்க.

கார் எடுக்கறது, அங்க ஓட்டறது

அம்மான் ஊருக்குள்ள கார் வேண்டவே வேண்டாம். மலை மேல மலையா இருக்கற ஊர், டிராஃபிக் நெருக்கும், பார்க்கிங் கிடைக்காது. ஏர்போர்ட் ஊருக்கு தெற்க 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, டாக்சில போய் ஊர சுத்திட்டு, ஜெராஷ் கிளம்பற காலைல கார் எடுத்துக்கோங்க. சாதாரண செடான் போதும், ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்ல, ஏன்னா வாடி ரம் மணல்ல நீங்க ஓட்டப் போறதில்ல. ஆட்டோமேட்டிக்கே கேளுங்க, மலை ரோடு நிறைய இருக்கு. சாவி வாங்கறதுக்கு முன்னாடி கார சுத்தி ஒரு வீடியோ, டயர், கண்ணாடி, கூரை எல்லாம் வர்ற மாதிரி எடுத்து வெச்சுக்கோங்க. ஸ்டெப்னி இருக்கான்னு டிக்கியத் திறந்து பாருங்க.

அங்க வலது பக்கம் ஓட்டணும், ஸ்டீயரிங் இடது பக்கம். நமக்கு குழப்பம் வர்றது நேர் ரோட்டுல இல்ல, காலைல பெட்ரோல் பங்குல இருந்தோ பார்க்கிங்ல இருந்தோ வெளிய திரும்பும்போதுதான். ஓட்டறவங்க எப்பவும் ரோட்டோட நடுக்கோட்டுப் பக்கம் இருக்கணும்னு ஒரே ஒரு விதிய மனசுல வெச்சுக்கோங்க, பக்கத்துல உக்காந்திருக்கறவரையும் ஒவ்வொரு திருப்பத்துலயும் "வலது, வலது"ன்னு சொல்லச் சொல்லுங்க.

அறிவிப்பே இல்லாம வேகத்தடை வரும், ஹைவேல கூட வரும், ஊர் பேர் போர்டு பார்த்ததும் காலை ஆக்சிலரேட்டர்ல இருந்து எடுத்துடுங்க. ரேடார் வெச்சு போலீஸ் நிறைய இடத்துல நிப்பாங்க. சாக்கடல் ரோட்டுல செக்போஸ்ட்ல பாஸ்போர்ட் கேப்பாங்க, மரியாதையாத்தான் நடந்துப்பாங்க, எந்த நாடுன்னு கேட்டு சிரிச்சுட்டு அனுப்பிடுவாங்க. ராத்திரி ஓட்டறத தவிர்த்துடுங்க, லைட் இல்லாத வண்டி, ரோட்டக் கடக்கற ஆடு, ஒட்டகம் எல்லாம் நிஜமாவே ஆபத்து. பெட்ரோல் விலைய அரசாங்கமே மாசாமாசம் அறிவிக்கும், அதனால மலிவான பங்க் தேடி அலைய வேண்டாம், கிங்ஸ் ஹைவேல பாதி டேங்குக்குக் கீழ விடாம பார்த்துக்கிட்டாலே போதும்.

காரோட டிக்கில ஒரு பெரிய தண்ணி கேஸ் எப்பவும் இருக்கணும், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர், வெயில் காலம்னா நாலு.

அம்மானும் ஜெராஷும்

அம்மான்ல ஒரு முழு நாள் போதும். சிட்டாடல் மலை மேல ஹெர்குலிஸ் கோயிலோட ரெண்டு பெரிய தூணும், உடைஞ்சுபோன ஒரு பெரிய பளிங்குக் கையும் கிடக்கும். அதுக்குப் பின்னாடி ஆரம்பகால இஸ்லாமிய அரச வம்சமான உமய்யாத்களோட அரண்மனை, அதுக்குப் பக்கத்துலயே ஒரு வட்டமான பெரிய தண்ணித் தொட்டி தரைக்குள்ள இறங்கியிருக்கும், எல்லாரும் தூண்கிட்ட போட்டோ எடுத்துட்டு இதத் தாண்டிப் போயிடுவாங்க. நீங்க நில்லுங்க, மலை உச்சில ஒரு அரண்மனை வாழ்ந்ததே இந்தத் தொட்டில சேர்ந்த மழைத்தண்ணிய வெச்சுதான். கீழ இறங்கினா ரெண்டாம் நூற்றாண்டு ரோமன் தியேட்டர், சுமார் 6000 பேர் உக்காரலாம், சாயங்காலம் ஊர்ப் பசங்க படில உக்காந்து கதை பேசிட்டிருப்பாங்க.

அடுத்த நாள் காலைல காரெடுத்து வடக்க ஜெராஷ், கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். எட்டு மணிக்கே உள்ள போயிடுங்க, பத்தரைக்கு டூர் பஸ் வந்துடும். ரோமானிய காலத்துல கெராசான்னு இருந்த ஊர் இது. ஹேட்ரியன் பேரரசர் வந்ததுக்காக கி.பி. 129-130ல கட்டின வளைவுதான் முதல்ல வரும், அதத் தாண்டி முட்டை வடிவ முற்றம், அங்கிருந்து ரெண்டு பக்கமும் தூண் நிக்கற நீளத் தெரு. தெருக் கல்லுல வண்டிச் சக்கரம் போன தடம் பள்ளமா பதிஞ்சிருக்கு, குனிஞ்சு தொட்டுப் பாருங்க. அதே தெருவுல அங்கங்க வட்ட மூடி மாதிரி கல் இருக்கும், அதுக்கடில சாக்கடை ஓடிருக்கு.

அந்தத் தெருவுல பாதி தூரம் போனா நிம்ஃபேயம்னு ஒரு உயரமான அலங்காரச் சுவர் வரும், கி.பி. 191ல கட்டினது. சுவர்ல இருந்து தண்ணி கொட்டி, கீழ தொட்டி நிரம்பி, சிங்க முகங்கள் வாய் வழியா வழிஞ்சு தெருச் சாக்கடைக்குள்ள போயிருக்கு, அதாவது ஊருக்கு தண்ணி கொண்டு வந்து சேர்த்ததையே ஊர் நடுவுல கோயில் மாதிரி கட்டி கொண்டாடியிருக்காங்க. அதுக்கு மேல ஆர்டெமிஸ் கோயில், முன்மண்டபத்துல இருந்த 12 தூண்ல 11 இன்னும் நிக்குது. தூண் காத்துல லேசா ஆடும், அடில ஒரு ஸ்பூன சொருகி அது ஏறி இறங்கறதக் காட்டுவாங்க, பார்க்க வேண்டிய விஷயம்தான். கோயில் ஒட்டின அறைல ஆறாம் நூற்றாண்டுல தண்ணி விசைல ஓடின கல் அறுக்கற ரம்பம் இருந்திருக்கு, அதோட மாதிரி ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க, இஞ்சினியரிங் படிச்சவங்க அங்கேயே அரை மணி நேரம் நின்னுடுவீங்க. கி.பி. 749ல வந்த நிலநடுக்கத்துல ஊர் விழுந்துச்சு, அப்புறம் மண்ணு மூடி காப்பாத்தி வெச்சிருக்கு. மொத்தம் நாலு மணி நேரம் வைங்க.

ஜெராஷ் முடிஞ்சதும் அம்மானுக்குள்ள திரும்பப் போகாம சுத்தி ஓட்டி மதாபால போய் தங்குங்க. சின்ன ஊர், அமைதியா இருக்கும், சாப்பாடு நல்லா இருக்கும், பார்க்கிங் கஷ்டமில்ல.

(கூடுதலா ஒரு நாள் இருந்தா கிழக்குப் பக்கம் பாலைவனக் கோட்டைங்க ரவுண்டு போகலாம். அதுல குசைர் அம்ரா மட்டும் விடாதீங்க, அம்மான்ல இருந்து 85 கிலோமீட்டர், எட்டாம் நூற்றாண்டு உமய்யாத் குளியல் மாளிகை, சுவர் பூரா ஓவியம், வெந்நீர் அறையோட குவிமாடத்துல நட்சத்திர மண்டலத்தையே வரைஞ்சிருக்காங்க. வெளிய கிணறும் தண்ணி இறைச்ச இடமும் அப்படியே இருக்கு. 1985லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க.)

மதாபா, நெபோ, சாக்கடல்

மதாபால செயின்ட் ஜார்ஜ் சர்ச் தரைல ஆறாம் நூற்றாண்டு மொசைக் வரைபடம் இருக்கு, அந்தப் பகுதிக்கு மிஞ்சியிருக்கற மொசைக் வரைபடங்கள்லயே பழசு. ஜெருசலேம தூண் தெருவோட சேர்த்து போட்டிருக்காங்க, முந்தின நாள் ஜெராஷ்ல நடந்த அதே மாதிரி தெரு. சாக்கடல்ல படகு, ஜோர்டான் நதில மீன், அதுல ஒரு மீன் உப்புத் தண்ணிய பார்த்துட்டு திரும்பி நீந்துது! அங்கருந்து பத்து கிலோமீட்டர்ல நெபோ மலை, மோசஸ் வாக்களிக்கப்பட்ட நாட்ட பார்த்த இடம்னு பைபிள் சொல்லுது, வானம் தெளிவா இருந்தா அந்தப் பக்கம் ஜெரிக்கோ தெரியும்.

நெபோல இருந்து நேரா கீழ இறங்கற ரோடு சாக்கடலுக்குப் போகும். ரொம்ப செங்குத்து, பிரேக்க மிதிச்சுட்டே இறங்காதீங்க, லோ கியர்ல போட்டுடுங்க. கடல் மட்டத்துக்கு சுமார் 430 மீட்டர் கீழ போய் நிப்பீங்க, காது அடைக்கும். தண்ணில உப்பு சாதாரண கடல விட பத்து மடங்கு கிட்ட. முந்தின நாளும் அன்னிக்கும் ஷேவ் பண்ணாதீங்க, முகத்த நனைக்காதீங்க, மல்லாக்கப் படுத்து மிதங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல வெளிய வந்து நல்ல தண்ணில குளிச்சுடுங்க. ஷவர் இருக்கற பீச்சுக்கே போங்க, காசு கட்டணும்தான். ஃப்ரீயா இருக்குன்னு ஆளில்லாத கரைல இறங்காதீங்க, ஏன்னா ஜோர்டான் நதித் தண்ணிய மேலயே எல்லா நாடும் எடுத்துக்கறதால கடல் வருஷத்துக்கு ஒரு மீட்டர் அளவு இறங்கிட்டே இருக்கு, கரை ஓரமா நிலம் திடீர்னு உள்வாங்கி பெரிய பெரிய குழி விழுது. பழைய கரைக்கோடு எங்க இருந்துச்சு, இப்ப தண்ணி எங்க நிக்குதுன்னு பார்த்தா மனசு கனத்துப் போகும்.

கிங்ஸ் ஹைவே

இந்த ட்ரிப்ல ஓட்டறதுக்குன்னே ஒரு ரோடு இருந்தா அது இதுதான். மதாபால இருந்து தெற்க கெராக், டானா வழியா பெட்ரா வரைக்கும் மலை முதுகுலயே போற ரோடு. பைபிள்லயே இந்தப் பாதை பேர் சொல்லி வருது, அப்புறம் ட்ராஜன் பேரரசர் கி.பி. 111-114ல இத ரோமானிய ரோடா போட்டு சிரியால இருந்து அகாபா வரைக்கும் இழுத்தார். டெசர்ட் ஹைவேல மூணு மணி நேரத்துல போற தூரம் இதுல நிக்காம ஓட்டினாலே அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், நீங்க நிக்காம இருக்கப் போறதில்ல, அதனால ரெண்டு நாளா பிரிச்சு நடுவுல டானால தங்குங்க. மழைக்கு அப்புறம் மண்சரிவுல ரோட்ட மூடறது உண்டு, கிளம்பற காலைல ஹோட்டல்ல கேட்டுக்கோங்க.

முதல்ல வாடி முஜிப் (வாடின்னா பள்ளத்தாக்கு). ரோடு விளிம்புல இருந்து வளைஞ்சு வளைஞ்சு அடிவரைக்கும் இறங்கி, அணை மேல கடந்து, மறுபடி அந்தப் பக்கம் ஏறும். மேல வியூபாயின்ட்ல ஒருத்தர் டீ போட்டுத் தருவார், வாங்கிக் குடிங்க. (முஜிப்ல தண்ணிக்குள்ள நடக்கற சிக் ட்ரெயில் வேற பக்கம், சாக்கடல் ரோட்டுல இருக்கு, ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் திறந்திருக்கும், நீச்சல் தெரியாதவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.)

அடுத்து கெராக் கோட்டை, சிலுவைப் போர்க்காரங்க 1142ல கட்ட ஆரம்பிச்சது. டார்ச் எடுத்துட்டுப் போங்க, பார்க்க வேண்டியது பாதி தரைக்கடிலதான் இருக்கு, நீள நீளமான வளைவு மண்டபங்க, சமையல்கட்டு, குதிரைலாயம். 1183ல கோட்டைக்குள்ள கல்யாணம் நடக்கும்போது முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் முற்றுகை போட்டார், மாப்பிள்ளை பொண்ணு தங்கியிருக்கற கோபுரத்த மட்டும் கல்லால அடிக்காதீங்கன்னு படைக்கு உத்தரவு போட்டார்னு அந்தக்கால வரலாற்றுக் குறிப்புல இருக்கு. 1188ல கோட்டை அவர் தரப்பு கைக்கு வந்துடுச்சு.

ராத்திரிக்கு டானா. பள்ளத்தாக்கு விளிம்புல ஒட்டிட்டிருக்கற பழைய கல் வீட்டு கிராமம், அதுல சில வீடுகள தங்கற இடமா மாத்திருக்காங்க. சூரியன் மறையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் சேர்ந்துடுங்க. நேரமும் காலும் இருக்கறவங்க அடுத்த நாள் காலைல பள்ளத்தாக்குக்குள்ள ரெண்டு மணி நேரம் நடந்துட்டு வரலாம், முழுசா கீழ ஃபெய்னான் வரைக்கும் போனா திரும்ப கார் ஏற்பாடு தனியா பண்ணணும். ஃபெய்னான்ல ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி செம்பு வெட்டி எடுத்த சுரங்கங்க இருக்கு.

டானால இருந்து பெட்ரா போற வழில ஷோபக் கோட்டை, 1115ல கட்டினது. கூட்டமே இருக்காது. இந்தக் கோட்டைக்கு நடுவுல மலையக் குடைஞ்சு முன்னூறுக்கும் மேல படி வெட்டி அடில இருக்கற ஊத்து வரைக்கும் இறங்கியிருக்காங்க, முற்றுகை போட்டாலும் தண்ணி கிடைக்கணும்னு. கெராக் விழுந்ததுக்கு அப்புறமும் இது 1189 வரைக்கும் தாக்குப் பிடிச்சதுல அந்தப் படிக்கும் பங்கு உண்டு. இருட்டு, வழுக்கல், தனியா இறங்காதீங்க, வாசல்ல நின்னு உள்ள பார்த்தாலே போதும்.

பெட்ரா: ரெண்டு நாள்

வாடி மூசா ஊர்ல தங்குங்க, முடிஞ்சா கேட்டுக்கு நடக்கற தூரத்துல. ஊர் மலைச்சரிவுல இருக்கு, மேல ரூம் மலிவுன்னு எடுத்தா நாள் பூரா நடந்துட்டு வந்து மறுபடி மலை ஏறணும்.

வந்து சேர்ந்த அன்னிக்கு சாயங்காலம் லிட்டில் பெட்ரா போயிட்டு வந்துடுங்க, டிக்கெட் கிடையாது, அரை மணி நேரத்துல சுத்திடலாம். பெட்ராவக் கட்டின பழைய அரபு மக்களான நபடேயர்களோட வியாபாரிங்க தங்கின இடம், குகை விருந்தறை ஒண்ணுல கூரைல திராட்சைக் கொடியும் பறவையுமா வரைஞ்ச ஓவியம் மிஞ்சியிருக்கு.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு கேட் திறக்கும், அப்பவே உள்ள இருங்க. கேட்ல இருந்து சிக் வாசல் வரைக்கும் ஒரு முக்கால் கிலோமீட்டருக்கு மேல, அப்புறம் சிக், அதாவது ரெண்டு பாறைச் சுவருக்கு நடுவுல போற ஒடுக்கமான பிளவு, 1.2 கிலோமீட்டர். டிக்கெட்ல குதிரை சவாரி இருக்குன்னு கூப்பிடுவாங்க, ஏறினா முடிவுல டிப்ஸ்னு நல்ல தொகை கேப்பாங்க, நடங்க.

சிக் வாசல்ல, அந்த முனைல இருக்கற கருவூலம்ங்கற பிரபலமான பாறை முகப்ப நோக்கி ஓடாம முதல்ல வலது பக்கம் அணையப் பாருங்க. வாடில வர்ற வெள்ளம் சிக்குக்குள்ள புகாம இருக்க நபடேயர்கள் அணை போட்டு, பாறைய சுமார் 88 மீட்டர் குடைஞ்சு தண்ணிய வேற பக்கம் திருப்பி விட்டாங்க. அந்த அணை காலத்துல சிதைஞ்சு போச்சு, 1963ல வெள்ளம் சிக்குக்குள்ள வந்து இருபதுக்கும் மேல பிரெஞ்சுப் பயணிங்க இறந்தாங்க, அதுக்கப்புறம்தான் அதே இடத்துல திரும்ப அணை கட்டினாங்க. மழை அறிவிப்பு இருக்கற அன்னிக்கு உள்ள விட மாட்டாங்க, அத மதிங்க.

சிக்குக்குள்ள நடக்கும்போது சுவர இடுப்பு உயரத்துல பார்த்துட்டே வாங்க. ஒரு பக்கம் பாறைல வெட்டின வாய்க்கால், இன்னொரு பக்கம் சுட்ட மண் குழாய் பதிச்ச பள்ளம், சில இடத்துல குழாயே இன்னும் இருக்கு. ஊருக்கு மேல இருக்கற மூசா ஊத்துல இருந்து குடிதண்ணி இப்படித்தான் நகரத்துக்குள்ள போச்சு. சரிவு அவ்வளவு கணக்கா வெட்டியிருக்காங்க. பாதி வழில ஒட்டகக் கூட்டம் ஒண்ணு பாறைல செதுக்கியிருக்கு, மேல் பாதி தேய்ஞ்சு போச்சு, ஆளோட காலும் ஒட்டகத்தோட காலும் வயிறும் மட்டும் மிஞ்சியிருக்கு. தெற்கு அரேபியால இருந்து சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் சுமந்துட்டு வந்தவங்க, அவங்களுக்குத் தண்ணியும் நிழலும் பாதுகாப்பும் குடுத்து வரி வாங்கித்தான் பெட்ரா பணக்கார ஊராச்சு.

சிக் முடியற இடத்துல பிளவு வழியா கருவூலம் தெரியும். கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரம், நபடேய அரசர் நாலாம் அரெடாஸ் காலத்துது, அதாவது கி.மு. 9ல இருந்து கி.பி. 40க்குள்ளன்னு பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க. பேர்தான் கருவூலம், உண்மைல கல்லறை. மேல இருக்கற கல் ஜாடிக்குள்ள புதையல் இருக்குன்னு நம்பி துப்பாக்கியால சுட்ட தடம் அதுல இருக்கு. 2003ல இதுக்கு அடில கல்லறைகள் இருக்கறதக் கண்டுபிடிச்சாங்க, 2024ல இன்னொண்ணுல 12 எலும்புக்கூடு கிடைச்சதா அறிவிச்சாங்க. வெயில் நேரா முகப்புல விழறது காலை ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள, ஆனா ஆறரை மணிக்கு ஆளில்லாம பார்க்கறது அத விட நல்லா இருக்கும். பக்கத்துப் பாறை மேல கூட்டிட்டுப் போறேன்னு பசங்க வருவாங்க, போகாதீங்க, விழுந்து அடிபடறவங்க உண்டு. மேல இருந்து பார்க்கணும்னா அரச கல்லறைகளுக்குப் பக்கத்துல தொடங்கற அல் குப்தா பாதைல படி ஏறிப் போங்க, அது முறையான வழி.

முதல் நாள் தெரு, கிரேட் டெம்பிள், பைசன்டைன் சர்ச் மொசைக்னு பார்த்துட்டு மத்தியானத்துக்கு மேல மொனாஸ்ட்ரிங்கற இன்னொரு பாறை முகப்புக்கு ஏறுங்க. 800க்கும் மேல படி, மூச்சு வாங்கும், ஆனா ஏறுற வழில நிழல் கிடைக்கும், மேல போனா வெயில் அதோட முகத்துல நேரா இருக்கும். கருவூலத்த விட பெரிசு, அகலம் 47 மீட்டருக்கு மேல. எதிர்ல டீக்கடை இருக்கு, ஒரு மணி நேரம் உக்காருங்க. கழுதைல ஏறிப் போகாதீங்க, அந்தப் படில பாரம் சுமந்து அதுங்க படற பாடு தாங்காது.

கிரேட் டெம்பிளுக்குப் பக்கத்துல வெறும் மேடா ஒரு இடம் இருக்கும், யாரும் நிக்க மாட்டாங்க. அங்கதான் 40 மீட்டருக்கும் நீளமான குளமும், நடுவுல தீவு மாதிரி மண்டபமும், முன்னாடி தோட்டமும் இருந்திருக்கு. பாலைவனம் தாண்டி வர்ற வியாபாரிக்கு முதல்ல இதக் காட்டினா போதும், அந்த ராஜாகிட்ட எவ்வளவு வசதி இருக்குன்னு அவனுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டாவது நாள் பலி மேடைக்கு ஏறி, வந்த வழிலயே திரும்பாம பின்பக்கம் வாடி ஃபராசா வழியா இறங்குங்க. கூட்டம் கிடையாது. வழில பாறைல ஒரு பெரிய சிங்கம் செதுக்கியிருக்கும், மேல இருந்து வாய்க்கால்ல வர்ற தண்ணி அது வாய் வழியா கொட்டியிருக்கு, ஜெராஷ்ல பார்த்த சிங்க முகங்க ஞாபகம் வரும். சாயங்காலம் அரச கல்லறைங்க மேல வெளிச்சம் விழும்போது பாறைல சிவப்பு, மஞ்சள், ஊதான்னு கோடு கோடா நிறம் எழும்பும்.

கி.பி. 106ல ரோம் இந்த ராஜ்யத்த சேர்த்துக்கிச்சு, 363ல நிலநடுக்கம் பாதி ஊர சாய்ச்சுச்சு, தண்ணி அமைப்பும் அதுல அடி வாங்கிச்சு. 1812ல பர்க்ஹார்ட்னு சுவிஸ் பயணி வந்து பார்த்து எழுதினதால ஐரோப்பாவுக்குத் தெரிஞ்சுது, ஆனா உள்ளூர் பெடுவின் மக்கள் அதுவரைக்கும் அங்கதான் இருந்தாங்க, அவங்கள்ல பெடுல் குலத்துக் குடும்பங்க 1985 வாக்குல பக்கத்துல உம் சைஹூன் கிராமத்துக்கு மாத்தப்படற வரைக்கும் குகைகள்லயே வாழ்ந்தாங்க. கடை வெச்சிருக்கற பெரியவங்க நிறைய பேர் அங்க பிறந்தவங்க, அவங்ககிட்ட சாமான் வாங்குங்க. "பழைய காசு"ன்னு யார் நீட்டினாலும் வாங்காதீங்க, நிஜமா இருந்தா அது குற்றம்.

வாடி ரம்

பெட்ரால இருந்து ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. விசிட்டர் சென்டர்ல பாஸ காட்டிட்டு ரம் கிராமம் வரைக்கும் ஓட்டி, அங்க கார நிறுத்திடணும். கேம்ப்காரங்க பிக்கப் ஜீப்ல வந்து கூட்டிட்டுப் போவாங்க. பெரிய பெட்டிய கார்லயே விட்டுட்டு ஒரு சின்ன பை மட்டும் எடுங்க, அதுல ஜாக்கெட் கண்டிப்பா இருக்கணும்.

கேம்ப் புக் பண்ணும்போது பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள இருக்கான்னு கேளுங்க. கண்ணாடிக் குமிழி கூடாரம் வெச்ச ஆடம்பர கேம்ப்ஸ் நிறைய டிசி கிராமத்துப் பக்கம், எல்லைக்கு வெளில இருக்கு, அங்க லைட்டும் பாட்டும் அதிகம். நீங்க வந்தது இருட்டுக்கும் அமைதிக்கும்னா உள்ள ரம் கிராமத்துக் குடும்பம் நடத்தற சின்ன கேம்ப் எடுங்க. ஜீப் டூர் முழு நாள் எடுங்க, ரெண்டு மணி நேர டூர்ல ஒண்ணும் பார்க்க முடியாது. கஸாலி பிளவுக்குள்ள பாறை எழுத்தும் உருவங்களும், உம் ஃப்ரூத் கல் பாலம், செம்மணல் மேடு எல்லாம் வந்துடும். இந்தப் பகுதி முழுக்க சேர்த்து 25,000 பாறைச் செதுக்கல், 20,000 எழுத்துப் பொறிப்புன்னு யுனெஸ்கோ கணக்கு, 2011ல பட்டியல்ல சேர்த்தாங்க. யாரோ ஒரு ஆடு மேய்க்கறவர் தன் பேரயும் ஒட்டகத்தையும் கல்லுல போட்டுட்டுப் போயிருக்கார், அது ரெண்டாயிரம் வருஷம் தாண்டி நிக்குது. அதுமேல கை வைக்காதீங்க.

மலைய உத்துப் பாருங்க: மேல செந்நிற மணற்கல், அடில கருத்த கிரானைட். மழைத்தண்ணி மணற்கல் வழியா இறங்கி, கிரானைட்டத் தாண்ட முடியாம அந்த சேர்ற கோட்டுல ஊத்தா வெளிய வரும். தூரத்துல சரிவுல வரிசையா பச்சை தெரியுதுன்னா அந்தக் கோடுதான். லாரன்ஸ் ஊத்துன்னு காட்டறதும் அப்படித்தான், கிராமத்துக்கிட்ட இருக்கற நபடேயக் கோயிலுக்கும் அப்படி ஒரு ஊத்துல இருந்து வாய்க்கால் வெட்டியிருக்காங்க. இன்னிக்கும் கதை அதேதான், டிசில ஆழத்துல தேங்கியிருக்கற பழங்காலத் தண்ணிய உறிஞ்சி 325 கிலோமீட்டர் குழாய் வழியா 2013ல இருந்து அம்மானுக்கு அனுப்பறாங்க. திரும்ப ஊறாத தண்ணி அது. அம்மான் ஹோட்டல்ல நீங்க குளிச்சதுல கொஞ்சம் இங்கருந்து போனதா இருக்கலாம், அதனால கேம்ப்ல ஷவர் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுங்க.

ராத்திரி சாப்பாடு ஸர்ப், மணலுக்குள்ள குழி தோண்டி கனல் போட்டு கோழி, ஆட்டுக்கறி, காய்கறிய அடுக்கி மூடி மணிக்கணக்கா வேக விடுவாங்க. சைவம்னா முன்கூட்டியே சொல்லிடுங்க, உருளை, கேரட், வெங்காயம் தனித் தட்டுல வெச்சுத் தருவாங்க, ஹம்மூஸ், ரொட்டி, சாலட் எப்படியும் இருக்கும். பொதுவாவே இந்த நாட்ல ஃபலாஃபல், ஃபூல், முதப்பல்னு சைவக்காரங்க பட்டினி கிடக்க வேண்டியதில்ல. நிலா இல்லாத நாளாப் பார்த்து போனா பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். நான் ரெண்டு ராத்திரி தங்கச் சொல்வேன், முதல் ராத்திரி எல்லாரும் போட்டோ எடுக்கறதுலயே போயிடும்.

அகாபா, திரும்பற வழி

வாடி ரம்ல இருந்து அகாபா ஒரு மணி நேரம். உள்ள போறதுக்கு முன்னாடி சுங்கச் சோதனைச் சாவடி வரும், அது தனிப் பொருளாதார மண்டலம். பவளப்பாறை கரைக்குப் பக்கத்துலயே இருக்கறதால ஸ்நார்கெல் போட்டு இறங்கினாலே போதும், பவளத்து மேல கால் வைக்காதீங்க. நம்ம ஊர்க்காரங்க இந்தக் கடல்கிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வரணும். இதே செங்கடல்ல எகிப்துக் கரைல பெரெனிகே துறைமுகக் கோயில்ல இந்திய ஜாடி ஒண்ணுல ஏழு கிலோவுக்கு மேல மிளகு கிடைச்சுது, குசைர் அல் கதீம்ல தமிழ் பிராமி எழுதின பானை ஓடு கிடைச்சுது. முதல் நூற்றாண்டு கிரேக்க கடல் வழிக் குறிப்பு ஒண்ணு இந்தக் கடலோட அரேபியக் கரைல லூக்கே கோமேன்னு ஒரு துறைமுகத்தச் சொல்லி, அங்கருந்து பெட்ராவுக்கு பாதை போகுதுன்னு எழுதியிருக்கு.

திரும்பும்போது டெசர்ட் ஹைவேதான். அகாபால இருந்து ஏர்போர்ட்டுக்கு நாலு மணி நேரம் வைங்க, லாரி அதிகம், மணல் காத்து வந்தா வேகத்தக் குறைச்சு ஹெட்லைட் போட்டுடுங்க, ரொம்ப மோசம்னா பங்குல ஒதுங்கி நில்லுங்க. அகாபால இருந்தே ஃப்ளைட் கிடைச்சா கார அங்கேயே விடலாம், ஒன்வே சார்ஜ் எவ்வளவுன்னு புக் பண்ணும்போதே எழுத்துல வாங்கிடுங்க. கார் திருப்பித் தரும்போது மணல் படிஞ்சிருந்தா கழுவிட்டுக் குடுங்க, அழுக்குக் காருல கீறல் இருக்கான்னு சண்டை வரும். பெட்ரோல் ரசீத வெச்சுக்கோங்க, டெபாசிட் திரும்ப வர்ற வரைக்கும் அந்த வீடியோவ டெலிட் பண்ணாதீங்க.